அறுபதுக்கு நாற்பது

"எனக்கு அறுபது, அவருக்கு நாற்பது. அப்படியே எழுதுங்க."

சொல்லிவிட்டாள்.

பத்திர எழுத்தர் சடகோபன் தட்டச்சை நிறுத்தினார். கிரயப் பத்திரத்தில் கணவன் பெயர் ஏறியிருந்தது. அடுத்து அவள் பெயர். அதற்குள் இது.

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்னம்மா பங்கு? நீங்க என்ன அண்ணன் தம்பியா?"

இதைத்தான் பேசாதே என்று காலையில்கூட அவளுடைய அம்மா போனில் சொன்னாள். என்ன வேணாலும் கேளு, பங்கு மட்டும் கேக்காதடி.

ஊரில் இருப்பது அம்மா பத்தொன்பது வருடம் பீடி சுற்றிக் கட்டிய வீடு. வீட்டு வரி ரசீது இன்றைக்கும் சித்தப்பா பெயரில்தான் வருகிறது.

அவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

வாங்கப்போகும் வீட்டுக்கு முன்பணம் பதினெட்டு லட்சம், முழுக்க அவளுடைய சேமிப்பு. மாதத் தவணை நாற்பத்திரண்டாயிரம். அதில் இருபத்தைந்தாயிரம் அவள் சம்பளத்திலிருந்து.

சடகோபன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"மேடம் கேக்குறது சரிதான் சார். பங்கு எழுதலைன்னா ஆளுக்குப் பாதின்னு எடுத்துக்குவாங்க. பத்திரத்துல எவ்வளவு பங்கோ, அந்த அளவுக்குத்தான் கடன் வட்டியை வருமான வரியில கழிக்க முடியும். மேடத்துக்குச் சம்பளம் அதிகம். வரியும் அதிகம். அவங்க பங்கு கூட இருந்தா உங்களுக்குத்தான் லாபம்."

கணவன் நிம்மதியாக மூச்சு விட்டான்.

"வரிக்காகம்மா."

"வரிக்குத்தானா?" மாமியாரின் முகம் மலர்ந்தது. "அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். எழுதுங்க, எழுதுங்க."

விசைப்பலகை மறுபடி ஓடியது.

அவள் சும்மா இருந்திருக்கலாம். கேட்டது கிடைத்துவிட்டது. மூன்றாவது மாடி. அடுக்களையில் கிழக்கே பார்த்த ஜன்னல். அந்த ஜன்னலுக்காகவே பதினோரு வீடுகளை வேண்டாம் என்றவள்.

சடகோபன் திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"கடன் முடிஞ்சதும் மேடம் தன் பங்கை சார் பேருக்கு விடுதலைப் பத்திரமா எழுதிக் குடுத்துடலாம். நிறைய பேரு அப்படித்தான் செய்றாங்க. இருபது வருஷம் கழிச்சு நானே எழுதித் தரேன், உயிரோட இருந்தா."

மாமியார் சிரித்தார்.

கணவனும் சிரித்தான்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லுவான் என்று பார்த்தாள்.

"அதெல்லாம் அப்ப பாத்துக்கலாம் சார்," என்றான்.

அவ்வளவுதான். கோபம்கூட வரவில்லை. கணக்கில் விட்டுப்போன ஓர் எண் கிடைத்தது போலிருந்தது.

"நிறுத்துங்க," என்றாள். "வரிக்காக இல்ல. நாளைக்கே வரியை எடுத்துட்டாலும் எனக்கு அறுபதுதான். இருபது வருஷம் கழிச்சும் அறுபதுதான்."

"அப்ப எதுக்காம்?" என்றார் மாமியார்.

"நான் கட்டுறேன். அதுக்கு."

கணவன் குனிந்து அவள் காதருகே சொன்னான். "அம்மா முன்னாடி வேணாம். வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

"எந்த வீட்ல?"

அவன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான்.

மேசையில் கிடந்த கோப்பைத் திறந்தாள். பதினெட்டு லட்சத்துக்கான டிடி மேலாகவே இருந்தது. அவள் கணக்கிலிருந்து எடுத்தது. மடிக்காமல் கைப்பைக்குள் வைத்தாள்.

"ஏம்மா, நல்ல நேரம் முடியப் போகுது," என்றார் மாமியார்.

"முடியட்டும் அத்தை."

சடகோபனின் கட்டணத்துக்கு ஐந்நூறை வைத்தாள். மனிதர் அரைப் பக்கம் தட்டியிருக்கிறார்.

செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து கணவன் கூப்பிட்டான். "எங்க போற?"

"பாங்குக்கு. டிடியைக் கேன்சல் பண்ண. நாலு மணி வரைக்கும் இருப்பாங்க."

மணி இரண்டேகால்.

வெளியே நல்ல வெயில். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எதிர்ச்சாரியில் கரும்பு பிழிந்துகொண்டிருந்தார்கள்.

பெரிய கிளாஸாகவே குடிக்கலாம் என்று சாலையைக் கடந்தாள்.