விசாரணைக்கு வந்தவன்

ஆற்றின் இக்கரையில் இருந்த காவல் நாய்களுக்கு, அக்கரை வேட்டைநாய் கருவாயன் வந்து பயிற்சி கொடுத்தான். ஓநாயை எப்படிச் சுற்றி வளைப்பது, எப்படிக் கழுத்தைக் கவ்வுவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனான்.

அந்தக் கோடையில் ஓநாய் எதுவும் வரவில்லை. குளத்தில் தண்ணீர் குடிக்க விடச் சொல்லி முயல்கள்தான் கூடி நின்றன. நாய்கள் அவற்றைச் சுற்றி வளைத்தன. செவத்தி என்ற முயலின் மூத்த குட்டியைச் செம்பன் என்ற நாய் கழுத்தைக் கவ்விக் கொன்றான்.

செவத்தி ஆற்றை நீந்திக் கடந்து கருவாயனிடம் போனாள்.

"ஐயா, நீங்க சொல்லிக்கொடுத்த பிடியிலதான் என் பிள்ளை செத்தான்."

கருவாயனின் முகம் வாடியது. "கேக்கவே மனசு ஆறலை, தாயி. முயலைத் தொடக்கூடாதுன்னு சொல்லித்தானே அனுப்பினேன்."

"தொட்டா என்ன செய்வீங்கன்னு சொன்னீங்களா?"

"விசாரிக்கச் சொல்றேன்" என்றான்.

"யாரைங்க?"

"உங்க கரை நாய்களைத்தான். அது அவங்க எல்லையாச்சே."

சில நாள் கழித்துச் செவத்தியின் வளை வாசலில் செம்பனே வந்து நின்றான். மற்ற முயல்கள் தங்கள் வளைகளுக்குள் மூச்சடக்கிக் கிடந்தன.

"அக்கரையிலேர்ந்து விசாரிக்கச் சொல்லியிருக்காங்க. உன் பிள்ளையைக் கொன்னது யாரு?" என்று கேட்டான்.

இளைய குட்டி பயந்துபோய்ச் செவத்தியின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. அவள் அதைத் தனக்குப் பின்னால் மெல்லத் தள்ளினாள்.

"ஓநாய்தாங்க, ஐயா" என்றாள்.