நாற்பத்திரண்டு டிகிரி

தொடை எரிந்தது.

திரையில் முப்பத்தெட்டு டிகிரி என்று இருந்தது.

இரண்டில் ஒன்று பொய். அவன் பொறியியல் படிப்பவன். திரையை நம்பினான்.

தொடைக்குள் இருந்தது புற்றுக்கட்டி. மூன்று தடவை மருந்து ஏற்றியும் அது அசையவில்லை. எத்தனை மனு கொடுத்தாலும் அசையாத கல்லூரி நிர்வாகம் ஒன்று அவனுக்கு ஏற்கெனவே பழக்கம். அதுகூட ஒரு தடவை கேன்டீன் விஷயத்தில் இறங்கி வந்திருக்கிறது.

கட்டியைச் சூடாக்கினால் அதன் வீம்பு கொஞ்சம் தளரும், அந்த நேரம் பார்த்து மருந்து உள்ளே போனால் கேட்கும் என்றார் டாக்டர். நாற்பத்திரண்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் அது வெறும் வெந்நீர் ஒத்தடம்.

"இதுக்கும் கேக்கலீன்னா?" என்றாள் அம்மா.

டாக்டர் அவன் காலைப் பார்த்தார்.

இப்போது இடது கையில் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. புட்டியில் பாதி காலி. சூடு வந்து சேரவில்லை.

"ஏறவே மாட்டேங்குதே," என்றாள் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெனிட்டா. "கொஞ்சம் கூட்டுறேன். ரொம்ப சுட்டா பெல்லை அமுக்குங்க."

கூட்டினாள்.

முப்பத்தெட்டு.

தொடைமேல் யாரோ இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

பெல் வலது கையில் இருந்தது. அமுக்கினால் இயந்திரம் நிற்கும். மருந்து நிற்காது. அது வேறு டிபார்ட்மென்ட்.

அமுக்கவில்லை. அவன் கரூர் பரமத்திக்காரன். அங்கே நாற்பத்திரண்டு என்பது சித்திரை மாதம். அதற்கெல்லாம் யாரும் பெல் அடிப்பதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மா கையை ஆட்டினாள்.

அப்போதுதான் உறைத்தது.

அன்று விடிந்ததும் லாட்ஜ் அறையில், ஒரு சொம்பு மோரைக் குடிக்க வைத்துவிட்டு, அம்மா அவன் தொடை முழுக்க விளக்கெண்ணெய் தடவியிருந்தாள்.

"உள்ள என்ன வேணாப் பண்ணட்டும் சாமி. தோலு தாங்கோணுமல்லோ."

சூடு என்றால் குளிர்ச்சி. அவளுடைய வைத்தியத்தில் இரண்டாவது பாடமே கிடையாது.

தோலில் எதுவும் தடவியிருக்கிறதா என்று பெனிட்டா கேட்டபோது, இல்லை என்றான். லுங்கியால் துடைத்துவிட்டதை இல்லை என்றே கணக்கில் வைத்திருந்தான்.

எண்ணெயில் டேப் ஒட்டாது. டேப் ஒட்டாவிட்டால் சூட்டை அளக்கும் கம்பி தோலில் நிற்காது. எங்கோ விலகிப் படுத்துக்கொண்டு, முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு என்று சாட்சி சொல்லும்.

அந்தச் சாட்சியை நம்பித்தான் பெனிட்டா கூட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் கூட்டவா?"

அமுக்கினான்.

இயந்திரம் நின்றது.

தொடைமேல் கிடந்த இயந்திரத்தின் தண்ணீர்ப் பையை பெனிட்டா தூக்கினாள். டேப் சுருண்டு கிடந்தது. தோல் ஓரிடத்தில் கன்றிச் சிவந்திருந்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்தாள்.

"விளக்கெண்ணெயா? யாரு பண்ண வேலை இது?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"நான்தான்க்கா. யூடியூப்ல பாத்தேன்."

"படிச்ச புள்ளதானே நீ?"

"இன்ஜினியரிங்."

"அதான்."

திட்டிக்கொண்டே நர்ஸைக் கூப்பிட்டு மருந்தை மூட வைத்தாள். புட்டியில் கால்வாசிதான் மிச்சம். டாக்டர் வந்தார். சிவந்த இடத்தை அழுத்திப் பார்த்தார். மிச்ச மருந்தைப் பார்த்தார்.

"இருக்கறதை வெச்சு செய்வோம்," என்றார்.

பெனிட்டா தொடையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். கம்பியை வைத்து டேப்பை நீவி நீவி ஒட்டினாள்.

முப்பத்தொன்பது.

நாற்பது.

மருந்தைத் திறந்தார்கள்.

நாற்பத்தொன்றில் வெகு நேரம் நின்றது. அம்மாவின் கையும் நின்றுவிட்டது.

நாற்பத்திரண்டு.

இந்தச் சூடு தோலில் நிற்கவில்லை. உள்ளே இறங்கி, எலும்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

பெனிட்டா குனிந்தாள்.

"இப்ப சுடுதா? பொய் சொல்லாம சொல்லு."

"எனக்குச் சுடுது."

"நிறுத்தவா?"

தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.

"அதுக்குச் சுடுதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கக்கா."

சிரிக்க வந்தவள் சிரிக்கவில்லை. திரும்பித் திரையைப் பார்த்தாள்.

கட்டிக்குச் சுடுகிறதா என்பது அதில் வராது.

இருந்தும் பார்த்துக்கொண்டே நின்றாள்.