வாரா வாரம் வந்த கார்

"பொய்க்குக் கையெழுத்துப் போட எனக்குப் பயமா இருக்கு சார்" என்றாள் சுபாஸ்ரீ. கம்பத்தில் டீச்சர் வேலை. போலீஸ், கோர்ட் என்றாலே ஒதுங்கிப் போகிறவள்.

புருஷன் வினோத்ராஜுக்கு மலைக்கு மேலே கட்டப்பனையில் எஸ்டேட் ஆபீஸ் உத்தியோகம். அவனுடைய தமிழ்நாட்டு நம்பர் கார் வருஷம் முழுக்கக் கேரளாவிலேயே கிடக்கிறது, அங்கேயும் வரி கட்டு என்று ஒன்றரை லட்சத்துக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. கார் வாரா வாரம் கம்பத்து வீட்டுக்கு வருகிறது என்று மனைவி எழுதிக் கொடுத்தால் தப்பிக்கலாம் என்பது வக்கீல் இம்மானுவேலின் யோசனை.

வாரா வாரமாம்! லீவு இல்லை, லீவு இல்லை என்று மாதம் ஒரு தடவை தலைகாட்டுவதே பெரும்பாடு. மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் வந்தான், அப்பன் வரவில்லை.

ஆனாலும் கஷ்டப்படுகிற மனுஷன், இந்த வரியையும் எங்கே போய்க் கட்டுவான் என்று அவளுக்குப் பாவமாக இருந்தது.

"ஆதாரம் கேட்டா என்ன சார் செய்ய?"

"கத்தையா இருக்கும்மா!" வக்கீல் ஃபைலைத் திறந்தார். "சனிக்கிழமை தவறாம உங்க வீட்டுக்காரரு நம்ம பக்கம் பெட்ரோல் போட்டிருக்காக. அம்புட்டு பில்லும் நேத்தே குடுத்துட்டாக."

"அதெல்லாம் இவளுக்கு எதுக்கு சார்?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த வினோத்ராஜ் அவசரமாகக் கை நீட்டினான். அதற்குள் கத்தை அவள் கைக்கு வந்துவிட்டது.

நாற்பத்தாறு சனிக்கிழமைகள். எல்லாம் ஒரே பங்க், வடுகபட்டி. மலை இறங்கினால் முதலில் வருவது கம்பம். வடுகபட்டிக்குத் தேனியையும் தாண்டிப் போக வேண்டும். காதுகுத்துக்கு முந்தின நாள் பில்லும் இருந்தது.

"வடுகபட்டில யாருங்க இருக்கா?"

வினோத்ராஜுக்குக் காது சிவந்தது. வாரா வாரம் வீட்டைத் தாண்டிப் போயிருக்கிறான் பாவி.

விஷயம் புரியாத வக்கீல் பேனாவை நீட்டினார். "இனி என்னம்மா பயம்? பொய்யே இல்லையே. போடுங்க."

சுபாஸ்ரீ பில் கத்தையைத் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"வரிய அவுக அங்கனயே கட்டட்டும் சார். இந்தப் பில்லெல்லாம் என் கேஸுக்கு வேணும்."