இஞ்சி போடாத கிழங்கு

மயிலம்மாளை வகுப்பின் முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மகளைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

முந்தானைக்குள் எதையோ பொத்தி வைத்திருந்தாள். துக்கத்தில் இருப்பவளிடம் என்னவென்று யாரும் கேட்கவில்லை.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறித் திரும்பி வந்தவர்களுக்கு ஆத்தூர்ப் பக்கம் ஒதுக்கிய காலனி அது. குடும்பத்துக்குக் கொஞ்சம் மேட்டு நிலம். எல்லா நிலத்திலும் குச்சிக்கிழங்கு, ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லுக்காக.

அங்கே மரவள்ளி என்று அவித்துத் தின்ற கிழங்குதானே என்று இங்கேயும் அவித்தார்கள். மில்லுக்குப் போவது கசப்பு ரகம், அதில் நஞ்சு அதிகம் என்று நட்டுக்கொள்ளக் குச்சி கொடுத்தவன் சொல்லவில்லை.

குழந்தை செத்த பிறகு ஜீப் வந்தது. அரசாங்கத்துக்கு அப்படித்தான் ஞாபகம் வரும்.

வகுப்பெடுக்க வந்த கிராம சேவிகா சென்னியம்மாள் நல்லவள். அதுதான் கொடுமை. போன மாதமும் வந்து, ஈயும் வயிற்றுப்போக்கும் படத்தில் காட்டி, சுத்தமாகச் சமைப்பது பற்றிப் பாடம் நடத்தியவள். இன்று கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் ஜீப்பிலிருந்து இறங்கினாள்.

காலனிக்குள் தீர்ப்பு அதற்கு முன்பே சொல்லியாகிவிட்டது. மரவள்ளியோடு இஞ்சி சேர்ந்தால் விஷம் என்று அக்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மயிலம்மாள் இஞ்சி சேர்த்திருக்கிறாள். வேறென்ன?

புருஷன் கந்தனே அப்படி நம்பினான். சாவு விழுந்ததிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் இல்லையென்று மறுக்கவில்லை. சோற்றை வைப்பாள், அவன் எழுந்து போய்விடுவான்.

"இஞ்சிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க" என்றாள் சென்னியம்மாள். "அந்தப் பேச்சை இன்னையோட உட்டுருங்க சாமி."

ஓரமாக நின்றிருந்த கந்தன் மனைவியைப் பார்த்தான். சாவுக்குப் பிறகு முதல் முறையாகப் பார்த்தான். பாவி மனுஷன், அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

மயிலம்மாள் அவனைப் பார்க்கவில்லை.

சென்னியம்மாள் தொடர்ந்தாள். இந்தக் கிழங்கைத் தின்னாமல் இருப்பதே நல்லது. வேறு வழியில்லை என்றால் தோலை உரித்து, நறுக்கி, தண்ணீரில் ஊறப் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பிறகு பானையைத் திறந்து வைத்து வேகவிட வேண்டும். நஞ்சு ஆவியோடு போகும். மூடினால் உள்ளேயே தங்கிவிடும்.

பின்வரிசையில் பாவாயிக் கிழவிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அது எங்களுக்குத் தெரியாதாம்மா? மரவள்ளிய எவளாச்சும் மூடி அவிப்பாளா?"

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். தங்களுக்கும் ஏதோ தெரிந்திருப்பதில் அவர்களுக்கு ஒரு ஆறுதல். சென்னியம்மாளும் லேசாகச் சிரித்தாள்.

மயிலம்மாள் எழுந்தாள். முந்தானையை விலக்கி, உள்ளே இருந்ததை மேசைமேல் வைத்தாள்.

ஒரு அலுமினிய மூடி. பளபளப்புப் போகாத புது மூடி. உட்பக்கம் மட்டும் கிழங்குப் பால் பொங்கிக் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது.

சென்னியம்மாளின் சிரிப்பு நின்றது. அவளுக்கு அந்த மூடியைத் தெரியும்.

எதைச் சமைத்தாலும் மூடித்தான் சமைக்க வேண்டும் என்ற பாடத்தைப் பிசகாமல் திருப்பிச் சொன்னதற்கு, போன மாதம் இதே இடத்தில், எல்லோரையும் கைதட்டச் சொல்லி அவள் கொடுத்த பரிசு.

"ஊருக்கு ஊர் பழக்கம் வேறயா இருக்கும்னு நெனச்சேம்மா" என்றாள் மயிலம்மாள்.