வாசலில் நின்றவர்கள்

வலைப்பூ தொடங்கி மூன்று மாதமாகியும் ஒரு பின்னூட்டம்கூட இல்லை. அதை அழித்துவிட உட்கார்ந்தாள் சுகிர்தா. விடுதி ஜன்னலில் குளவிகள் மண்கூடு கட்டுவதைப் பார்த்து எழுதிய பன்னிரண்டு பதிவுகள் அதில் இருந்தன. எட்டிப் பார்த்த அறைத்தோழி ரெஜினா கத்தினாள்: “லூசு, இங்க பாருடி! நாப்பத்தோரு பேரு பின்னூட்டம் போட்டுட்டு உன் அனுமதிக்கு நிக்கிறாங்க. வந்தவங்கள எல்லாம் வாசல்லயே நிறுத்தி வச்சிருக்க!” தன்னைக் கேட்காமல் எதுவும் வெளியாகக் கூடாதென்று முதல் நாள் பயத்தில் அவளே போட்ட பூட்டு அது. பிறகு அனுமதி கொடுக்கும் பக்கத்தைத் திறக்கவே இல்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கக்கூட எழுந்திராதவள் ஒவ்வொருவராக உள்ளே விட்டாள். கடைசியில் ஒரு விலங்கியல் பேராசிரியர் இருந்தார்: “ஒரு குளவி இன்னொன்றின் கூட்டை உடைத்து, அதன் புழுவுக்கு இரையாக அடைத்துவைத்த சிலந்தியைத் திருடாது. நீ பார்த்தது தவறு, பெண்ணே.” “இவர மட்டும் தூக்கிடு,” என்றாள் ரெஜினா. சுகிர்தா அவரையும் அனுமதித்தாள். கீழே எழுதினாள்: “உடைத்தது, ஐயா. நான்கு நாள் பார்த்தேன்.” பெயர் கேட்கும் கட்டத்தில் இதுவரை இருந்த ‘யாரோ ஒருத்தி’யை நீக்கி, சுகிர்தா செல்லத்துரை என்று முழுதாகத் தட்டினாள்.