ஒரு கிலோ கல்

தராசுக்காரர் தன் வீட்டுத் தராசிலேயே கள்ளத்தனம் பண்ணினார். அதுவும் கட்டின பெண்டாட்டியை ஏமாற்ற.

கடைத்தெருவில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். முப்பது வருஷமாக அந்தத் தெருத் தராசுகளையெல்லாம் சரிபார்த்து, தன் சீட்டை ஒட்டிவிட்டு வருகிறவர். பத்து கிராம்தானே, கொஞ்சம் கண்டும் காணாமல் விடுங்களேன் என்று கெஞ்சிய கறிக்கடைக்காரரிடம், கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் படு என்றவர்.

விஷயம் இதுதான். அவர் மனைவிக்கு முட்டி தேய்ந்துவிட்டது. வீடு மாடியில், பட்டறை கீழே. படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவாள். எண்பது கிலோவுக்குள் வந்தால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவள் தொண்ணூற்றாறு.

நாலு மாசம் நன்றாகத்தான் போனது. சாப்பாட்டைப் பாதியாக்கினாள். கம்பு ஊன்றிக்கொண்டு தினமும் மெதுவாக நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தராசில் ஏறி நிற்பாள். வயிறு மறைப்பதால் அவளுக்கு முள் தெரியாது. இவர் குனிந்து பார்த்துச் சொல்வார்.

எண்பத்தெட்டில் முள் உட்கார்ந்துகொண்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம்.

"முள்ளுக்குத் துரு பிடிச்சிருக்கா, இல்ல எனக்கா?" என்றாள். நடைக்குப் போடும் ஷூவைத் தூக்கிப் பரண்மேல் எறிந்துவிட்டு பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள்.

தராசுக்காரருக்குப் பொறுக்கவில்லை. குறைந்திருக்கிறது என்று வாயால் சொல்லிவிடலாம்தான். ஆனால் அவர் வாயில் பொய் வராது. அதனால் தராசைச் சொல்ல வைத்தார். அடுத்த சனிக்கிழமை திருப்புளியை எடுத்து, ஒரு கிலோ குறைவாகக் காட்டும்படி திருகைத் திருப்பி வைத்தார்.

மறுநாள் குனிந்து, "எண்பத்தேழு" என்றார்.

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கம்பால் பரணிலிருந்து ஷூவைத் தள்ளிவிட்டாள்.

அதற்கப்புறம் முள் ஒரு மாசம் எண்பத்தேழிலேயே நின்றது. ஆனால் அவள் நிற்கவில்லை. மழை பெய்தால் குடை, ஜலதோஷம் பிடித்தால் மப்ளர். ஒரு நாள்கூட நடை தவறவில்லை.

இவருக்குத்தான் நிம்மதி போனது. திருகைப் பழையபடி திருப்பினால் ஒரு கிலோ ஏறும், ஷூவும் பரண் ஏறும். போதாக்குறைக்குப் பட்டறையிலிருந்த ஒரு கிலோ எடைக்கல்லைக் காணோம். அன்றைக்குப் பட்டறைக்கு வந்துபோனவர் பக்கத்து மளிகைக்காரர் ஒருத்தர்தான். ஒரு கிலோவைத் திருடுகிறவன் நாளைக்கு ஊரையே திருடுவான் என்று தெருவில் நின்று கத்தினார். மளிகைக்காரர் மறுநாள்கூட வந்து மறுத்துப் பேசவில்லை. இவரோ, குற்றத்தை ஒத்துக்கொண்டான் என்று முடிவுகட்டி, பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டார். மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதில் புதுப் பழக்கம் வேறு. ஸ்வெட்டரோடு தராசில் ஏறினாள்.

"எதுக்கும்மா இது? இதுவே முந்நூறு கிராம் இருக்கும்."

"குளிருதுங்க" என்றாள், நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

பதினோராம் மாசம் முள் எண்பதைத் தொட்டது. நிஜத்தில் எண்பத்தொன்று என்று இவர் மனக்கணக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் மூன்று தரம் வாயைத் திறந்து மூன்று தரமும் மூடிக்கொண்டார்.

நர்ஸ் தராசைக் காட்டினாள். மனைவி ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு ஏறினாள்.

"எழுபத்தொன்பது கிலோ எழுநூறு" என்றாள் நர்ஸ்.

தராசுக்காரர் பதறிப்போனார். "உங்க தராசு தப்பா காட்டுதும்மா."

"நல்லா இருக்கே. போன மாசம் நீங்கதானே ஐயா பார்த்துட்டு சீட்டு ஒட்டிட்டுப் போனீங்க?"

குனிந்து பார்த்தார். அவர் சீட்டேதான். "அப்போ வீட்டுத் தராசு... நான்தான் அதுல..." என்று இழுத்தார்.

"அந்த ஸ்வெட்டரை எடுங்க" என்றாள் மனைவி.

எடுத்தார். முப்பது வருஷக் கை, தூக்கினதுமே அதற்குத் தெரிந்துவிட்டது. முந்நூறு இல்லை, ஒரு கிலோ முந்நூறு. பைக்குள் கையை விட்டார். காணாமல் போன கல் வந்தது.

"அந்த வாரம் டப்பா பிஸ்கட்டையும் நான்தான் காலி பண்ணினேன். ஒரு கிலோ குறைஞ்சிருக்குன்னா நம்பிடுவேனா? நீங்க வெளிய போனதும் அஞ்சு கிலோ கல்லை வெச்சுப் பார்த்தேன். நாலு காட்டுச்சு."

"தெரிஞ்சும் ஏன் கேட்கலை?"

"பத்து கிராமுக்கு ஊரோட சண்டை போடற மனுஷன், எனக்காகத் திருப்புளியை எடுத்திருக்கீங்க. அதுக்கப்புறம் ஷூவைப் பரண்ல போட எனக்கு எப்படி மனசு வரும்? உங்க பொய் உங்களோட இருக்கட்டும், எனக்கு நிஜ எடை தெரியட்டும்னு கல்லைப் பையில போட்டுக்கிட்டேன்."

"அப்போ மளிகைக்காரர்? ஆறு மாசமா அவரைத் திருடன்னு சொல்லிட்டிருக்கேனே."

"அவருக்கு அன்னிக்கே சொல்லிட்டேன். அக்கா நின்னு படி இறங்குற வரைக்கும் நான் திருடனாவே இருந்துட்டுப் போறேன்னுட்டார்."