சுவருக்கு மேலே

பங்சார் ஆபீசில் மதியச் சாப்பாட்டு வேளை. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே குணபூசணி கணினியில் ‘ஏறு’ என்று தட்டுகிறாள். இந்த விளையாட்டில் படமே கிடையாது, கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் மட்டும்தான். ‘சுவரிலிருந்து வழுக்கி விழுந்தாய். ஏறும் திறமை கொஞ்சம் கூடியது.’ விழ விழத்தான் ஏறவே வரும் போலிருக்கிறது! அப்படி மேலே என்னதான் இருக்கிறது? சுமை குறைந்தால் பிடி நழுவாது என்று வாளைக் கீழே போடுகிறாள், கேடயத்தைக் கீழே போடுகிறாள், கடைசியில் கைவிளக்கையும் கீழே வைத்துவிட்டு மறுபடி ஏறுகிறாள். ‘உச்சிக்கு வந்துவிட்டாய். ஒரே இருட்டு. எதுவும் தெரியவில்லை.’ மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிறாள். பக்கத்து மேசை மூசா, “என்னக்கா, இருட்டா இருக்கா?” என்கிறான். “விளக்கு கீழ இருக்கு லா,” என்கிறாள் அவள், திரும்பாமலே. மூசா குனிந்து மேசைக்கு அடியில் தேடுகிறான்.